லாச்சிக்குள் கிடந்த காவலாளி

இப்பகுதியில் வழமையாகப் பிள்ளை வளர்ப்பு, குடும்பச் செலவு, முதியோர் நலம் என்பன பற்றியே எழுதி வருகின்றோம். இம்மாதம் சற்று வேறான ஒரு பொருளை எடுத்துக்கொண்டுள்ளோம். குளிர் நாடுகளிலுள்ள வீடுகளின் உட்கூரையில், சிறிய வெள்ளைத் தட்டம் போல ஒட்டிக்கொண்டிருக்கும் கருவியொன்றைப் பற்றியது அது. அதனைப் புகை அலாரம் என்பர். அதன் உடன்பிறப்புப் போன்ற இன்னொன்றும் உண்டு. அது நச்சு வாயுவை அறிந்து ஒலிப்பது.

“யாழ்ப்பாணத்தில் இருக்கும் எங்களுக்கு இது எதற்கு?” என வாசகர் வினவலாம். ஒரு பிள்ளையையேனும் கனடாவுக்கோ இங்கிலாந்துக்கோ அனுப்பாத குடும்பங்கள் எமது பங்குகளில் மிகக் குறைவு. பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதற்கென ஆறு மாதம், ஒரு வருடம் என அங்கு சென்று தங்கிவரும் பெற்றோரும் பலர். பகலில் மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட, அந்த வீட்டில் குழந்தையோடு தனித்திருப்பவர்கள் இவர்களே. ஆகவே, அந்த வெள்ளைத் தட்டத்தின் மொழியை இவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். இங்கேயே இருப்போருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. அதனை இறுதியிற் சொல்வோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு மார்கழி மாதத்தில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோப் பகுதியில் எமது மருமகனின் இல்லத்தில் தங்கியிருந்தோம். அவருடைய தாயாராகிய எமது தமக்கையாரும் அப்போது ஊரிலிருந்து அங்கு வந்திருந்தார். வந்து ஒரு கிழமை கூட ஆகவில்லை. இரவு பகலாகவும் பகல் இரவாகவும் மாறியிருந்த அந்நாட்களில், நள்ளிரவில் உறக்கம் பிடியாமல் அவர் சமையலறைக்கு இறங்கிவந்து, காலை உணவுக்கெனப் பயறு அவிய வைத்தார். வைத்துவிட்டு அருகிலிருந்த சாய்வு நாற்காலியில் அமர்ந்தார். பிறகு நடந்தது அவருக்குத் தெரியாது. “நான் கண்ணை மூடினது ஒரு நிமிசம் எண்டுதான் நினைச்சன்” என்று அடுத்த நாள் முழுவதும் சொல்லிச் சொல்லி வருந்தினார்.

நீர் வற்றிப் பயறு கருகிப் பாத்திரமும் புகையத் தொடங்கியது. நாம் மேல்மாடியில் உறங்கிக்கொண்டிருந்தோம். மருமகனும் மனைவியும் அடுத்த அறையில். எம்மை எழுப்பியது அலாரம் அன்று. தண்ணீர் குடிக்க எழுந்த ஐந்து வயதுப் பேரன் படிக்கட்டின் தலைப்பில் நின்று, “அப்பா, வீட்டுக்குள்ள பனி வந்திட்டுது” என்று கூப்பிட்டான். ஓடிவந்து பார்த்தபோது, படிக்கட்டின் பாதியளவுக்குப் புகை ஏறியிருந்தது. அடுப்பை அணைத்து, தமக்கையாரைத் தாங்கி வெளியே கொணர்ந்து, கதவுகளைத் திறந்துவிட்டோம். எவருக்கும் தீங்கில்லை. பாத்திரம் ஒன்று மட்டுமே போயிற்று.

எல்லாம் அடங்கிய பின்னர், “இந்த வீட்டில் அலாரம் இல்லையா?” எனக் கேட்டோம். மருமகன் மறுமொழி கூறாமல் சமையலறை மேசையின் லாச்சியை இழுத்தார். கத்தரிக்கோல், மெழுகுதிரி, பழைய திறப்புகள் ஆகியவற்றினிடையே அந்த வெள்ளைத் தட்டம் கவிழ்ந்து கிடந்தது. “மாமா, மிளகாய் வறுக்கிற நேரமெல்லாம் கத்துது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினாப் பிறகு கழற்றி வச்சிட்டன்” என்றார். மேல்மாடியில் இன்னொன்று அதன் இடத்திலேயே இருந்தது. ஆனால் அதன் பற்றரி எப்போதோ செத்துவிட்டது.

அவரை நாம் கடிந்துகொள்ளவில்லை. இது அவர் ஒருவரின் குறையன்று. அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் பல ஆண்டுகளாக இதனை ஆராய்ந்து வருகின்றது. அந்நாட்டில் வீட்டுத் தீயினால் நிகழும் மரணங்களில், ஏறத்தாழ ஐந்தில் மூன்று, அலாரம் இல்லாத அல்லது இருந்தும் வேலை செய்யாத வீடுகளிலேயே நிகழ்கின்றன என அது கண்டுள்ளது. இருந்தும் ஒலிக்காத அலாரங்களைச் சோதித்தபோது, முதன்மையான காரணம் கருவியின் பழுது அன்று. பற்றரி கழற்றப்பட்டிருந்தது, அல்லது தீர்ந்துபோயிருந்தது. ஆகவே பெரும்பாலும் தவறுவது காவலாளி அல்லன். அவன் வாயைக் கட்டிவைப்பவர்கள் நாமே.

இவ்விடத்தில் ஒரு பழைய செய்தியை நினைவுகூர்தல் நன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் என்னும் அறிஞர் பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களில் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்தார். அவற்றிற் பல காபனோரொட்சைட்டு என்னும் வாயுவினால் நேர்ந்தவை எனக் கண்டார். சிறிய உயிர்கள் மனிதரிலும் விரைவாக இதற்கு ஆட்படும் என்பதால், அவற்றைக் கூண்டில் சுரங்கத்துக்குள் கொண்டுசெல்லும்படி ஆலோசனை கூறினார். அவ்வாறே தொழிலாளர் மஞ்சள் நிறக் கனேரிக் குருவிகளைக் கொண்டுசென்றனர். குருவி தள்ளாடி விழுந்தால் உடனே வெளியேறுவர். 1986ஆம் ஆண்டில்தான் பிரித்தானியச் சுரங்கங்களில் குருவிகளுக்குப் பதிலாக மின்னணுக் கருவிகளைப் பயன்படுத்த முடிவுசெய்யப்பட்டது.

செத்த குருவியைக் கூண்டில் வைத்துக்கொண்டு எந்தத் தொழிலாளியும் சுரங்கத்துக்குள் இறங்கியிருக்க மாட்டான். நாமோ செத்த அலாரத்தை உட்கூரையில் மாட்டிவிட்டு, அதன் கீழ் எமது குழந்தைகளை உறங்க வைக்கின்றோம்.

இக்கருவிகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதைச் சுருக்கமாகக் கூறுவோம். புகை அலாரத்தில் இரு வகை உண்டு. ஒன்றில் அமெரிசியம் என்னும் கதிரியக்கத் தனிமம் மிகச் சிறிய அளவில் இருக்கும். அதனால் உள்ளே மெல்லிய மின்னோட்டம் ஒன்று ஓடிக்கொண்டேயிருக்கும். புகைத்துகள் புகுந்தால் அவ்வோட்டம் குறையும், அலாரம் ஒலிக்கும். மற்றதில் ஓர் ஒளிக்கற்றை உண்டு. புகை புகுந்தால் ஒளி சிதறும். அதனை உணர்ந்து அலாரம் ஒலிக்கும். முதலாவது வகை, சுவாலைவிட்டு எரியும் தீயை விரைவில் உணர்வது. இரண்டாவது வகை, மெத்தையிலோ நாற்காலியிலோ கனன்றுகொண்டிருக்கும் தீயை விரைவில் உணர்வது. எமது சமையலின் தாளிப்புக்கும் வறுவலுக்கும் அடிக்கடி அலறுவது பெரும்பாலும் முதலாவது வகையே. ஆகவே சமையலறைக்கு அண்மையில் இரண்டாவது வகையை வைப்பதும், அடுப்பிலிருந்து குறைந்தது 3 மீற்றர் தள்ளி வைப்பதும் நலம். வீண் அலறலைச் சில நிமிடங்களுக்கு மட்டும் நிறுத்திவைக்கும் பொத்தான் உடையவையும் கிடைக்கின்றன. சமைக்கும்போது புகையை வெளியேற்றும் விசிறியைப் போட்டுக்கொள்ளலாம். இத்தனை வழிகள் இருக்க, பற்றரியைக் கழற்றுவது, நாய் குரைக்கின்றதென்று அதனை அவிழ்த்துத் துரத்திவிடுவதற்கு ஒப்பானது.

உறங்குபவரைப் புகையின் மணம் எழுப்பிவிடும் என்று எண்ணுவதும் தவறு. உறக்கத்தில் மணத்தை உணரும் ஆற்றல் மங்கிவிடுகின்றது. தீயினால் இறப்போரிற் பலர், சுவாலை தம்மைத் தீண்டு முன்னரே புகையைச் சுவாசித்து மயங்கி இறக்கின்றனர். உறக்கத்திலும் கேட்பது ஒலிதான்.

இனி, அந்த இரண்டாவது கருவியைப் பற்றிக் கூறவேண்டும். காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. எரிவாயு, எண்ணெய், விறகு, கரி, பெற்றோல் ஆகிய எதுவாயினும், போதிய காற்றின்றி எரியும்போது இது உண்டாகும். எமது குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றிக்கொள்வதிலும் இருநூறு மடங்குக்கு மேலான வலிமையுடன் இவ்வாயுவைப் பற்றிக்கொள்ளும். அதனால் ஒட்சிசன் ஏறுவதற்கு இடமின்றிப் போகும். முதலில் தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம், சோர்வு. பின்னர் மனக்குழப்பம், மயக்கம், மரணம். காய்ச்சலின்றித் தடிமன் வந்தாற்போலத் தோன்றுவதால் பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி கண்டு, வெளியே சென்றதும் அது குறைந்தால், ஐயமின்றி இதனை நினைக்கவேண்டும்.

2008ஆம் ஆண்டு மார்கழியில், ஒன்ராறியோ மாகாணத்தின் வூட்ஸ்ரொக் நகரில், தந்தை, தாய், இரு பிள்ளைகள் என ஒரு குடும்பத்தின் நால்வரும் தமது இல்லத்தில் இவ்வாயுவினால் உயிரிழந்தனர். அவர்களது எரிவாயுக் கணப்படுப்பின் புகைபோக்கி அடைபட்டிருந்தது. அவ்வீட்டில் காபனோரொட்சைட்டு அலாரம் இருக்கவில்லை. அவர்களின் உறவினர் முன்னின்று உழைத்ததன் பயனாக, 2013ஆம் ஆண்டில் ஒன்ராறியோவில் ஒரு சட்டம் நிறைவேறியது. அது அக்குடும்பத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றது. எரிபொருளில் இயங்கும் கருவியோ வீட்டோடு சேர்ந்த கராஜோ உள்ள வீடுகளில், படுக்கையறைகளுக்கு அண்மையில் இவ்வலாரம் இருத்தல் வேண்டும் என்பது அதன்வழி வந்த விதி. புகை அலாரமோ, ஒவ்வொரு தளத்திலும் படுக்கையறைகளுக்கு வெளியிலும் இருக்கவேண்டும் என்பது அதற்கு முன்னரே அம்மாகாணத்தில் விதியாக இருந்தது. இங்கிலாந்திலும் 2022 ஒக்டோபர் முதல், வாடகை வீடுகளில், எரிபொருட் கருவி நிலையாகப் பொருத்தப்பட்டுள்ள அறைகளில் (எரிவாயுச் சமையலடுப்பு நீங்கலாக) காபனோரொட்சைட்டு அலாரம் வைப்பது வீட்டுச் சொந்தக்காரரின் கடமையாயிற்று.

ஒன்ராறியோவில் அலாரங்களைச் செயலிழக்கச் செய்வது சட்டப்படி குற்றமாகும். நிலக்கீழ் அறைகளில் வாடகைக்கு இருக்கும் எமது பிள்ளைகள், அலாரம் இல்லையெனினும் வேலை செய்யவில்லையெனினும், சொந்தக்காரரிடம் கேட்டுப் பெறுவதற்கு உரிமையுடையவர்கள். “வீட்டுக்காரர் மனம் நோவார்” என்று வாளாவிருத்தல் ஆகாது.

இக்காவலாளிகளைப் பேணுவதற்குப் பெருஞ்செலவோ நேரமோ வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை, ஒவ்வோர் அலாரத்திலுமுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கவேண்டும். மாற்றக்கூடிய பற்றரியாயின் ஆண்டுக்கு ஒருமுறை புதியதை இடவேண்டும். நத்தார் நட்சத்திரம் கட்டுவதற்கென ஏணியை எடுக்கும் அன்றே இதனையும் செய்துவிடலாம். மின்னிணைப்பில் இயங்குபவற்றிலும் மின்தடைக்கென ஒரு பற்றரி இருக்கும். அதனையும் மறத்தல் கூடாது. தூசியும் சிலந்தி நூலும் அடையாதவாறு, தூசி உறிஞ்சும் கருவியின் மென்மையான தூரிகையால் இடைக்கிடை துடைக்கவேண்டும். வீட்டுக்கு வர்ணம் பூசும்போது அலாரத்துக்கும் சேர்த்துப் பூசிவிடலாகாது.

இவற்றிலும் பலர் அறியாத ஒன்று உண்டு. அலாரத்துக்கும் ஆயுள் உண்டு. புகை அலாரத்தை, செய்யப்பட்ட திகதியிலிருந்து 10 ஆண்டுகளில் மாற்றிவிடவேண்டும். காபனோரொட்சைட்டு அலாரத்தின் ஆயுள், செய்தவரைப் பொறுத்து 5 முதல் 10 ஆண்டுகள் வரை வேறுபடும். அத்திகதி பெரும்பாலும் கருவியின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும். பொத்தானை அழுத்தும்போது ஒலித்தாலும், காலங்கடந்த கருவி நச்சு வாயுவை உணரும் என்பதற்கு உறுதி இல்லை. அப்பொத்தான் பற்றரியையும் மின்சுற்றையும் ஒலியையும் சோதிப்பதேயன்றி, உணரும் பகுதியின் முதுமையைச் சோதிப்பதன்று.

இனி, பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோருக்கு ஒரு சொல். அலாரத்தின் ஒலிகள் மூன்றையும் கற்றுக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை ஏறத்தாழ, குருவிக் குஞ்சு போல ஒற்றை ஒலி எழுந்தால், பற்றரி தீரும் நிலையில் உள்ளது என்பது பொருள். பற்றரியை மாற்றிய பின்னரும் அது நிற்கவில்லையெனின், கருவியின் ஆயுள் முடிந்திருக்கலாம். மும்மூன்றாக உரத்து ஒலித்தால் அது புகை. நந்நான்காக ஒலித்தால் அது காபனோரொட்சைட்டு. கனடாவில் இவையே வழக்கமான அடையாளங்கள். பிள்ளையிடம் கேட்டு, பொத்தானை அழுத்தச் செய்து, ஒருமுறை காதாலேயே கேட்டு வையுங்கள்.

மும்மூன்றாக ஒலித்தால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு, புகைக்குக் கீழே குனிந்து வெளியேறுங்கள். வெளியே பனி கொட்டுகின்றதே என்று தயங்கவேண்டாம். உடுப்புத் தேடி நிற்கவும் வேண்டாம். வாசலருகில் ஒரு தடித்த போர்வையை எந்நேரமும் வைத்திருந்தால் போதும். வெளியே வந்த பிறகே 911 இலக்கத்தை அழையுங்கள். எதை மறந்துவிட்டு வந்திருந்தாலும் திரும்ப உள்ளே போகாதீர்கள். நந்நான்காக ஒலித்தாலும் அவ்வாறே எல்லோரும் வெளியேறி, அதே இலக்கத்தை அழைக்கவேண்டும். யன்னலைத் திறந்துவிட்டு உள்ளேயே இருப்பது போதாது. புகையும் மணமும் இல்லையே, கருவிதான் பழுதாகிவிட்டது என எண்ணுவது பேராபத்து. இவ்வாயு சிறிதளவே இருந்தால், அலாரம் சிறிது நேரம் பொறுத்திருந்து, உடலுக்கு ஊறு வரும் எல்லையை அண்மிக்கும்போதே ஒலிக்கும். காற்றின் பத்து இலட்சம் பங்கில் 70 பங்காயின் ஒரு மணி முதல் நான்கு மணி நேரத்துக்குள்ளும், 400 பங்காயின் 4 முதல் 15 நிமிடங்களுக்குள்ளும் ஒலிக்குமாறு அதனை அமைத்துள்ளனர். ஆகவே அது வீணாக ஒலிப்பதில்லை என்றே கொள்ளவேண்டும். குளிர்காலத்தில் காரைச் சூடேற்றுவதற்கென, கராஜுக்குள் இயந்திரத்தை ஓடவிட்டு வைப்பதும், வெளிச்சுவரிலுள்ள புகைபோக்கியின் வாயைப் பனி மூட விடுவதும் அங்கு இவ்வாயு வீட்டினுட் புகும் வழிகளாகும்.

இறுதியாக, இங்கேயே இருப்போருக்கு. எமது ஊர்களில் சமையலறையின் கதவும் யன்னலும் திறந்தே கிடப்பதால் பெரும்பாலும் தப்பி வருகின்றோம். ஆயினும் காலம் மாறுகின்றது. 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளின்போது மின்பிறப்பாக்கியை நாடியவர்கள் பலர். அதனை வீட்டுக்குள்ளோ, விறாந்தையிலோ, யன்னலருகிலோ ஒருபோதும் ஓடவிடலாகாது. புகை உள்ளே வராதபடி முற்றத்தில் தூரமாக வைக்கவேண்டும். நுவரெலியா போன்ற குளிரான இடங்களுக்குச் செல்வோர், மூடிய அறைக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு உறங்கலாகாது. தணலாக அமைந்திருக்கும் கரியே இவ்வாயுவை மிகுதியாக வெளியிடும். எரிவாயுக் கசிவை அறியும் அலாரத்தை வாங்கியோர், அது காபனோரொட்சைட்டையும் அறியும் என எண்ணிவிடவேண்டாம், இரண்டும் வேறு. சமையல் எரிவாயு காற்றிலும் பாரமானது. ஆதலால் அதன் அலாரத்தை நிலத்துக்கு அண்மையில் பொருத்துவர். புகையோ மேலெழுவது, ஆதலால் அதன் அலாரம் உட்கூரையில்.

மருமகனின் வீட்டில் அடுத்த நாளே புதிய அலாரங்கள் ஏறின. சமையலறைக்கு அருகிலிருந்ததைக் கூடத்தின் நடுப்பகுதிக்கு மாற்றினோம். மாதத்தின் முதற் சனிக்கிழமை தோறும் பொத்தானை அழுத்தும் பொறுப்பைப் பேரன் ஏற்றுக்கொண்டான். தகப்பன் அவனைத் தூக்கிப்பிடிக்க, அவன் அழுத்துவான். தமக்கையார் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு, “கேட்டுது, கேட்டுது, காணும்” என்பார். ஊருக்குத் திரும்பி வந்த பின்னரும் அச்சனிக்கிழமைகளில் தொலைபேசியில் அழைத்து, “அழுத்தினீங்களோ?” எனக் கேட்பதை அவர் மறப்பதில்லை.

வாசகர்களிடம் நாம் வேண்டுவதும் அவ்வளவே. அடுத்த முறை வெளிநாட்டிலிருந்து பிள்ளை அழைக்கும்போது, “சாப்பிட்டியோ?” எனக் கேட்ட பிறகு, “உன்ரை வீட்டு அலாரம் முகட்டிலையோ, லாச்சிக்குள்ளையோ?” என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். மறுமொழி வரச் சற்றுத் தாமதமானால், அன்றைக்கே ஏணியில் ஏறச் சொல்லுங்கள்.